சாரன் இன்னும் வரவில்லை

நம் வீட்டு அலமாரியின் மேல்தட்டில், பழைய வேட்டியில் சுற்றி வைத்திருக்கும் சட்டைகள் யாருடையவை என்று நீங்கள் இருவரும் பலமுறை கேட்டுவிட்டீர்கள்.

"அப்பாவும் போடறதில்ல, தம்பிக்கும் பெரிசு. பின்னே எதுக்கு அதை எப்பவும் தேய்ச்சிட்டே இருக்கீங்க?" என்று மகள் அம்மாவிடம் கேட்டாள். உங்கம்மா அடுப்படிக்குப் போய்விட்டாள்.

நான் எட்டாம் வகுப்பு வரைக்கும் படித்தவன். வாயால் சொன்னால் பாதியை விட்டுவிடுவேன். அதனால் எழுதித் தருகிறேன். பள்ளிக்கூடத்தில் மலையாளம் படிக்கிற நீங்கள் தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பீர்கள். பரவாயில்லை, மெல்லப் படியுங்கள்.

அவை வலியசாலையில் குடியிருந்த ஒரு மாமியின் மகனுடைய சட்டைகள். மாமியின் பெயரை நான் எழுதப் போவதில்லை. தன் பெயர் எங்கேயும் வருவதை அவர் விரும்பமாட்டார். ஏன் என்று படிக்கப் படிக்க உங்களுக்கே தெரியும்.

வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து மலையாளம் பேசுகிற இந்த ஊருக்கு வந்து நான் தேய்ப்பு வண்டி போட்ட புதிது. மாமி வீட்டு மதிலோரம்தான் வண்டி நிற்கும். ஒரு நாள் காலையில் அவர் கேட்டைத் திறந்துகொண்டு வந்து, "ஏண்டாப்பா, உன் பெட்டில சாரம் இருக்குமோ? இருந்தாக் கொஞ்சம் தா" என்றார்.

நம் ஊரில் சாரம் என்றால் கைலி. ஊருக்குப் போனால் உங்கள் தாத்தா உடுத்தியிருப்பாரே, அதுதான். இந்த அம்மாளுக்கு என்னுடைய பெட்டியில் இருக்கிற கைலி எதற்கு என்று எனக்கு ஒரே கூச்சமாகப் போய்விட்டது.

"ரெண்டுதான் உண்டும் மாமி. ஒண்ணு உடுத்திருக்கேன். ஒண்ணு நனைச்சுப் போட்டிருக்கேன்" என்றேன்.

மாமி என் இடுப்பைப் பார்த்தார். பிறகு வண்டிமேல் புகைந்துகொண்டிருந்த இஸ்திரிப் பெட்டியைப் பார்த்தார். கேட்டைப் பிடித்துக்கொண்டு அவர் சிரித்த சிரிப்பில் எதிர்வீட்டு மாமா பேப்பரும் கையுமாக வெளியே வந்துவிட்டார்.

"சாம்பலைக் கேட்டேண்டா! கறிவேப்பிலைச் செடிக்குப் போட. உன் சாரத்தை நீயே கட்டிக்கோ!"

மலையாளத்தில் சாம்பலுக்குச் சாரம் என்று பெயர் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. அதற்குப் பிறகு பெட்டியிலிருந்து நான் கொட்டுகிற தேங்காய்ச் சிரட்டைக்கரிச் சாம்பல் முழுவதும் அந்தச் செடிக்குத்தான் போனது.

அவர் நேராகக் கேட்டது அந்தச் சாம்பலை மட்டும்தான். அதற்கே இப்படி ஆகிவிட்டதாலோ என்னவோ, வேறு எதையும் அவர் நேராகக் கேட்டு நான் பார்த்ததில்லை. தண்ணீர் கேனைத் தூக்கி வைக்க ஆள் வேண்டுமென்றால், "இந்தக் கேன் என்ன கனம் இருக்கும்னே தெரியலையே" என்று கேட்டருகில் நின்று சொல்வார். காப்பித்தூள் தீர்ந்துபோனால், "நீ சாலைக் கடைத்தெருப் பக்கம் போவியோ?" என்பார். நாமாகப் புரிந்துகொள்ள வேண்டும். புரியாவிட்டால் விட்டுவிடுவார். அன்றைக்குக் காப்பி இல்லாமலே இருப்பார்.

தன் விஷயம் சொல்வதிலும் அப்படித்தான். கணவர் இறந்து பல வருஷமாகிவிட்டது. ஒரே மகன் கனடாவில். எதிர்வீட்டு மாமா தலைமைச் செயலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஊர்க் காரியமெல்லாம் அவருக்குத் தெரிந்தாக வேண்டும். "பையன் கூப்பிட்டானா?" என்று தெருவைத் தாண்டிக் கேட்பார்.

"கார்த்தால போன்ல அவன் பேர் வந்தது" என்பார் மாமி.

பேர் வந்தது உண்மை. பேசினானா என்பது அதில் இல்லை. மாமா தலையை ஆட்டிக்கொண்டு உள்ளே போய்விடுவார்.

அப்படிப்பட்டவர் ஒரு நாள் வண்டிக்குப் பக்கத்தில் வந்து நின்று, "சாரன் வரப்போறாண்டா" என்றார்.

எனக்குத் தெரிந்தவை இரண்டு சாரம். இது எந்தச் சாரம் என்று விளங்காமல் தண்ணீர் தெளிக்கிற கையோடு நின்றேன்.

"முழிக்காதே. இது மூணாவது. சாரன்னா ஒற்றன். வேஷம் போட்டுண்டு உளவு பாக்கறவன். கம்ப்யூட்டர்ல புதுசா ஒரு ஆட்டம் வரப்போறது, கேட்டியோ? அந்த ஆட்டத்துல நாமதான் சாரன்."

கம்ப்யூட்டர் ஆட்டம் என்றால் நீங்கள் இரண்டு பேரும் எனக்கு வகுப்பே எடுப்பீர்கள். அப்போது எனக்கு ஒன்றும் தெரியாது. மாமிதான் சொன்னார். கனடாவுக்குப் போகுமுன் மகன் சில மாதம் வீட்டிலிருந்தே வேலை பார்த்திருக்கிறான். வேலை முடிந்ததும் அம்மாவையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, இதே மாதிரி பழைய ஒற்றன் ஆட்டம் ஒன்றை ஆடியிருக்கிறான். ஓடுவது, சுவர் ஏறுவது எல்லாம் அவன் வேலை. யாரிடமாவது பேச வேண்டிய இடம் வந்தால் ஆட்டம் நின்றுவிடும். என்ன சொல்லலாம் என்று திரையில் நாலு பதில் வரும். அப்போது அவன் அம்மா பக்கம் திரும்புவான். பதிலைத் தேர்ந்தெடுப்பது மாமி.

"ஒரு தடவைகூட நாங்க மாட்டிக்கலேடா" என்றார் மாமி.

அவன் கனடாவுக்குக் கிளம்புகிற சமயத்தில், அதே ஆட்டத்தைச் செய்தவர்கள் இன்னொன்று செய்கிறார்கள் என்று செய்தி வந்தது. "அம்மா, அது வர்றச்சே லீவு போட்டுண்டு வந்துடறேன். பேசற இடம் வந்தா நீ இல்லாம எனக்கு ஆடத் தெரியாது" என்று சொல்லிவிட்டுப் போனானாம். இந்த வாக்கியத்தை மாமி என்னிடம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு முறையும் ஒரு சொல் மாறாமல் சொல்வார்.

கேனைத் தூக்கி வைக்க ஒரு நாள் உள்ளே போனபோது அந்த அறையைப் பார்த்தேன். கம்ப்யூட்டருக்கு முன்னால் இரண்டு நாற்காலிகள். ஒன்றில் மட்டும் மெத்தை போட்டிருந்தது. அது மகனுடையது. மாமி மற்றதில் உட்கார்ந்து, வரப்போகிற ஆட்டத்தின் சின்னப் படம் ஒன்றைக் காட்டினார். நீளக் கோட்டுப் போட்ட ஒருவன் கொட்டுகிற மழையில் தெருமுனையில் நிற்கிறான்.

"பாத்தியோ? நனைஞ்சுண்டு நிக்கறான். குடையில்லாம எந்த ஊர்ச் சாரன்டா வெளியிலே வருவான்? நம்மூர்னா எல்லாரும் இவனையேன்னா பாப்பா?"

"அவங்க ஊர்ல குடை கிடையாதோ என்னவோ மாமி."

"நான் ஆடினா முதல்ல ஒரு குடை வாங்குவேன்" என்றார். "இந்த ஆட்டத்துல யாரா வேஷம் போடலாம்னு நாமதான் தீர்மானிக்கணும். நான் தேய்க்கறவனாப் போலாம்னு இருக்கேன். உன்னை மாதிரி. எல்லாராத்து வாசலுக்கும் போலாம், ஒருத்தரும் கண்டுக்க மாட்டா. சொல்லு, இந்தத் தெருத் துணியெல்லாம் நீதானே தேய்க்கறே, எந்தாத்துல என்ன நடக்கறதுன்னு உனக்குத் தெரிஞ்சிருக்குமே?"

நான் நன்றாக யோசித்தேன். "எதிர்வீட்டு மாமா சட்டைப் பையில எப்பவும் பாக்குக் கறை இருக்கும் மாமி."

"அதான் அவர் வாயைப் பாத்தாலே தெரியறதே. வேறே?"

"வேறே ஒண்ணும் தெரியாது மாமி."

"சரி, நான் தபால்காரனாப் போறேன்" என்றார்.

இனி சட்டைகளுக்கு வருகிறேன்.

மாமி வாரம் தவறாமல் ஒரு கட்டுத் துணி தருவார். இரண்டு புடவை, தலையணை உறை. அவற்றோடு ஆண்பிள்ளைச் சட்டைகளும் இருக்கும். இளநீலக் கோடு போட்டது ஒன்று, பாக்கு நிறத்தில் ஒன்று, இப்படி. முதலில் நான் கவனிக்கவில்லை. பிறகுதான் கண்டேன், அவை யாரும் போட்ட சட்டைகள் இல்லை. காலரில் அழுக்கில்லை, கக்கத்தில் வியர்வை இல்லை. நான் மடித்துக் கொடுத்ததைப் பிரித்து, நனைத்து, காயப்போட்டு மறுபடியும் கொண்டுவந்து தருகிறார். மகன் எந்த நாள் வந்து இறங்கினாலும் தேய்த்த சட்டை இருக்க வேண்டும். அதைவிட, கொடியில் சட்டை தொங்குவதைத் தெரு பார்க்க வேண்டும்.

தெரு பார்த்துவிட்டது. எதிர்வீட்டு மாமா ஒரு நாள் வண்டிக்கு வந்தார்.

"டேய், அந்தாத்துல ஆம்பிளையே கிடையாதே. இது யாரோட சட்டைடா?"

எனக்குப் பொய் சொல்ல வராது. உண்மையைச் சொல்லவும் மனம் வரவில்லை.

"முப்பத்தெட்டு சைஸ், மாமா" என்றேன்.

"சைஸையா கேட்டேன்? ஆளைக் கேட்டேன்!"

"ஆளு நம்ம வண்டிக்கு வரமாட்டாவ மாமா. சட்டைதான் வரும்."

"ஒண்ணு போடா" என்று முனகிக்கொண்டே போய்விட்டார்.

ஜன்னலுக்குப் பின்னால் மாமி இருந்தது எனக்குத் தெரியாது. மறுநாள் ஒரு டம்ளர் காப்பியை மதில்மேல் வைத்துவிட்டு, "உன்னையும் சேர்த்துக்கலாம்டா" என்றார்.

"எதுல மாமி?"

"நம்ம கூட்டத்துல. நேத்து ஒரு பொய்கூடச் சொல்லலே, ஒண்ணையும் காட்டியும் கொடுக்கலே. சாரன்னா பொய் சொல்றவன்னு எல்லாரும் நினைச்சுண்டிருக்கா. அதில்லே. பாதி நிஜத்தைச் சொல்லிட்டு மீதியை வயத்துக்குள்ளே வெச்சுக்கறவன். மனசிலாச்சோ?"

மனசிலாச்சு என்றேன். மீதியை அவர் வயிற்றுக்குள் எவ்வளவு வைத்திருந்தார் என்பது மட்டும் அப்போது எனக்கு மனசிலாகவில்லை.

அந்த ஆட்டம் தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது. ஓணத்துக்கு வருமென்றார்கள், வரவில்லை. பொங்காலை சமயத்தில் வருமென்றார்கள். தெருவெல்லாம் செங்கல் அடுப்பு வைத்துப் பெண்கள் பொங்கலிட்டு, அடுப்புகளை எடுத்தும் ஆகிவிட்டது. ஆட்டம் வரவில்லை.

ஒரு முறை, இனி மாறாது, இந்தத் தேதிதான் என்று அறிவித்துவிட்டார்கள். மாமி சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவர் என்னவோ பரீட்சைக்குப் போகிற பிள்ளை மாதிரி ஆகிவிட்டார். அறையைக் கழுவினார். மெத்தைக்குப் புது உறை தைத்தார். முகம் மட்டும் வாடிக்கொண்டே வந்தது.

"பையனுக்கு போன் போட்டுத் தேதி சொல்லிட்டீயளா மாமி?"

"நான் சொல்லப்படாது."

"ஏன் மாமி? டிக்கெட் எடுக்கணும்லா?"

"நான் சொன்னா, வாடான்னு கூப்பிட்ட மாதிரி ஆயிடும். அப்புறம் வந்தாலும் நான் கூப்பிட்டுத்தான் வந்தான்னு ஆகும்." கறிவேப்பிலைச் செடியில் காய்ந்த இலைகளைக் கிள்ளிக்கொண்டே சொன்னார். "அவனுக்கா ஞாபகம் வரணும்."

சற்று நேரம் கழித்து, "நீ பழவங்காடி வழியாப் போவியோ?" என்றார். போவேன் என்றேன். கையில் ஒரு தேங்காயைக் கொடுத்தார். அங்கே கோயிலில் பிள்ளையாருக்கு உடைக்கச் சொன்னார்.

"ஆட்டம் தடையில்லாம வரணும்னு வேண்டிக்கவா மாமி?"

"நீ ஒண்ணும் வேண்டிக்க வேண்டாம். உடைச்சுட்டு வா. எதுக்குன்னு அவருக்குத் தெரியும்."

உடைத்துவிட்டு வந்தேன். அந்த வாரமே, தேதி மறுபடியும் தள்ளிப் போனதாகச் செய்தி வந்தது. மாமி கேட்டுக்கு ஓடி வந்தார். அவர் ஓடி நான் பார்த்தது அன்றுதான்.

"தள்ளிப் போட்டுட்டாண்டா! அடுத்த வருஷமாம்!"

அன்றைக்கு அந்த வீட்டில் அடைப் பிரதமன் பாயசம். எனக்கு ஒரு பாத்திரம் நிறையக் கொடுத்தனுப்பினார். மகள் அப்போது கைக்குழந்தை. உங்கம்மா விரலால் தொட்டுக் குழந்தை நாக்கில் வைத்தாள்.

தடையை நீக்கச் சொல்லி எல்லோரும் தேங்காய் உடைக்கிற சந்நிதியில், ஒரு தடை கேட்டு என் கையால் தேங்காய் உடைக்க வைத்திருக்கிறார் மாமி. பிரதமனைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடக்கும்போது அது எனக்கு விளங்கியது. ஆட்டம் வராத வரைக்கும் மகன் வராமல் இருப்பதில் தப்பு ஒன்றுமில்லை. சாரன் வந்த பிறகும் அவன் வராமல் இருந்தால்தான் தப்பு.

அப்படியே சில வருஷம் போனது. ஒரு மழைநாளில் மாமி குளியலறையில் வழுக்கி விழுந்து கையை முறித்துக்கொண்டார். மகனிடம் சொல்ல வேண்டாம் என்று எங்கள் எல்லோரிடமும் சொன்னார். எதிர்வீட்டு மாமா கேட்கவில்லை. கனடாவுக்கு போன் போட்டுவிட்டார்.

ஆட்டம் வரவில்லை. மகன் வந்துவிட்டான்.

அன்று காலை தேய்த்த துணிகளைக் கொடுக்க நான் உள்ளே போயிருந்தேன். மாமியின் வலதுகையில் மாவுக்கட்டு. இடதுகையால் என் துணிக்கட்டிலிருந்து நீலக்கோட்டுச் சட்டையை உருவி, "குளிச்சுட்டு இதைப் போட்டுக்கோடா" என்றார். அவன் போட்டுப் பார்த்தான். வயிற்றருகில் பொத்தானும் துளையும் ஒன்றையொன்று எட்டவே இல்லை.

"குண்டாயிட்டேன்மா! இதெல்லாம் இன்னுமா வெச்சிண்டிருக்கே?" என்று சிரித்து அம்மாவைக் கட்டிக்கொண்டான். நல்ல பிள்ளைதான். அவனைத் தப்பாக நினைக்காதீர்கள். அம்மா தனியே கிடக்கிறாளே என்று பயந்துதான் ஓடி வந்திருந்தான். கோயம்புத்தூர்ப் பக்கம், வயதானவர்களை வைத்துப் பார்த்துக்கொள்கிற இடத்தில் அம்மாவுக்கு ஒரு அறை ஏற்பாடு செய்திருந்தான். வீட்டையும் விற்கப் பேசி முடித்துவிட்டான். மாமி எல்லாவற்றுக்கும் சரி என்றே சொன்னார்.

அவன் குனிந்து கம்ப்யூட்டரின் வயர்களைக் கழற்றினான். "இது ரொம்பப் பழசும்மா. இப்போ வர்றது ஒண்ணும் இதுல ஓடாது. யாருக்கானும் குடுத்துடலாம்."

"தெரியும்" என்றார் மாமி.

அது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த ஆட்டம் இதில் ஓடாது என்பது அவருக்கு முதலிலிருந்தே தெரியும். நான்தான் அறியாதவன். வாய் தவறிக் கேட்டுவிட்டேன்.

"அப்ப அந்தச் சாரன் ஆட்டம் வந்தா, மாமி?"

மகன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். "எந்த ஆட்டம் அண்ணா?"

மாமி என்னைப் பார்க்கவில்லை. மகனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருஷம் அவர் காத்துக்கொண்டிருந்தது அந்த ஒரு நிமிஷத்துக்குத்தான். அவன் யோசித்தான். நெற்றியைச் சுருக்கி யோசித்தான். ஒன்றும் வரவில்லை. மறைக்கிற முகமில்லை அது. நிஜமாகவே நினைவில்லை.

மாமி மெதுவாக மூச்சு விட்டார்.

"ஒண்ணுமில்லேடா" என்றார். குரலில் ஒரு மாற்றமும் இல்லை. "இவனாத்துல ரெண்டு குழந்தைகள். ஆட்டம் ஆட்டம்னு பிராணனை வாங்கறதுகளாம். இந்தக் கம்ப்யூட்டரைக் கேக்கத்தான் வந்திருக்கான். நேரே கேக்கக் கூச்சம்."

"அதுக்கென்ன! எடுத்துண்டு போங்கோ அண்ணா" என்று அவனே பெட்டியில் வைத்துக் கட்டிக் கொடுத்தான்.

நம் வீட்டுக் கம்ப்யூட்டர் வந்த கதை இதுதான் பிள்ளைகளே. நான் அதைக் கேட்கவில்லை. ஆனால் எனக்கு இரண்டு குழந்தைகள் இருப்பது நிஜம். நீங்கள் பிராணனை வாங்குவதும் நிஜம்.

கிளம்புகிற அன்று தெருவில் எல்லோரும் வாசலில் நின்றார்கள். டாக்சியில் ஏறப்போன மாமி திரும்பி என் வண்டிக்கு வந்தார். இடதுகையில் அந்தச் சட்டைக்கட்டு.

"தேய்ச்சு வை. வந்து வாங்கிக்கறேன்" என்றார், எதிர்வீட்டு மாமாவுக்குக் கேட்கிற மாதிரி.

"அதை எதுக்கும்மா இப்போ?" என்றான் மகன்.

"வழக்கமாக் குடுக்கறதுடா. நீ ஏறு."

பிறகு எனக்கு மட்டும் கேட்கும்படி, "நன்னாச் சமாளிச்சேனோ?" என்றார்.

"மாட்டிக்கலே மாமி" என்றேன்.

அதன் பிறகு அவரிடமிருந்து ஒரு செய்தியும் இல்லை. வீட்டை வாங்கியவர்கள் முன்பக்கம் இடித்துக் கார் நிறுத்த இடம் கட்டிவிட்டார்கள். கறிவேப்பிலைச் செடியும் போய்விட்டது. சாம்பலை இப்போது ஓடையோரம் கொட்டுகிறேன்.

வாரம் ஒரு முறை அந்தச் சட்டைகளை நனைத்து உலர்த்தித் தேய்த்து வைக்கிறேன். வந்து வாங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். யாராவது உங்களிடம் யாருடைய சட்டை என்று கேட்டால், முப்பத்தெட்டு சைஸ் என்று சொல்லுங்கள், போதும்.

அந்த ஆட்டம் வந்ததா என்று அவ்வப்போது மகளிடம் பார்க்கச் சொல்கிறேன் அல்லவா? போன வாரம் போனைப் பார்த்துவிட்டு, "அப்பா, அது பின்னயும் மாத்தி வெச்சு" என்றாள். மறுபடியும் தள்ளிவைத்துவிட்டார்களாம். உங்கம்மாவிடம் அடைப் பிரதமன் வைக்கச் சொன்னேன். தம்பி கிண்ணத்தை நக்கிக்கொண்டே, "இன்னிக்கு என்ன விசேஷம்ப்பா?" என்று கேட்டான்.

"ஒரு ஆட்டம் தள்ளிப் போயிருக்கு" என்றேன்.

பாதிதான் சொன்னேன். மீதியை இதில் எழுதிவிட்டேன்.